செல்வம் அண்ணனைக் கேள்வி கேட்டேன், லூர்து அக்கா

என் லூர்து அக்காவுக்கு,

செமோருக்குப் போகும் பேக்டரி பஸ்ஸில் உங்கள் இடத்தில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷத்தால் தோளில் சாயப் போய், சட்டென்று நிமிர்ந்துகொள்கிறேன்.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

நம் அம்மாக்கள் பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்த தோட்டத்தை அழித்துத்தான் இந்தக் கையுறைத் தொழிற்சாலையைக் கட்டினார்கள். இங்கே தொழிலாளர் சங்கம் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொள்வீர்கள்; ஆள் சேர்க்க வீடு வீடாகப் போவோம். குனோங் ராபாட்டில் ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே ஒருவர், "வீட்ல யாரும் இல்ல" என்றார்.

"அப்ப பேசுறது யாரு லா?" என்றீர்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம்தான் கதவு திறந்தது.

"சேர்ந்தா சூசா, பெரிய தொல்லை, அக்கா. வேலை போயிரும்" என்று அவர் மனைவி பயந்தார். நீங்கள் வாதாடவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். மறுவாரம் அவரே நம்மைத் தேடி வந்தார்.

சங்கம் அமைந்தபோது, நம்மோடு வேலை செய்த செல்வம் அண்ணனை அதன் செயலாளர் ஆக்கியதும் நீங்கள்தான். தப்பில்லை. கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை வேலையை விட்டு நிறுத்தியபோது, அவளைத் திரும்ப எடுக்கும்வரை மழையில் வாசலை விட்டு நகராதவர் அவர்.

நீங்கள் இறந்தபிறகு அவர் எங்களிடம் வருவது குறைந்தது. மேனேஜர் அறைக்குப் போவது கூடியது. ஒருநாள் அறிவிப்புப் பலகையில் புது ஷிப்ட் முறை ஒட்டியிருந்தது. எல்லாருக்கும் பன்னிரண்டு மணி நேரம். கைக்குழந்தைக்காரிகளுக்கும் இரவு வேலை. சங்கம் சம்மதித்துவிட்டதாம். எங்களில் ஒருவரைக்கூட அவர் கேட்கவில்லை.

"இந்தச் சங்கமே வேணாம், வெளிய போலாம்" என்றார்கள் பலர். நீங்கள் அலைந்து சேர்த்த கூட்டம் அக்கா, கண்முன்னே கலையப் பார்த்தது. ஆண்டுக் கூட்டம்வரை பொறுங்கள் என்று கெஞ்சி நிறுத்தினேன்.

கூட்டத்தில் எழுந்தேன். "எங்களைக் கேக்காம எப்படிண்ணே கையெழுத்து போட்டீங்க?" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "லூர்து அக்கா இருந்தா என்னைய இப்படிக் கேக்க விடுவாங்களா?"

உங்கள் பெயரை அவர் கேடயமாகப் பிடித்ததும் அவரையே நேராகப் பார்த்தேன். "அக்கா இருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேண்ணே," என்றேன். "அவங்களே எந்திரிச்சிருப்பாங்க."

பின்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். பிறகு பல கைகள் உயர்ந்தன. இனி உறுப்பினர்களைக் கேட்காமல் எந்த ஒப்பந்தமும் இல்லை என்று முடிவானது. அவர் பதவியில் நீடிக்கிறார். ஆனால் மேனேஜரைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

போனோம். கைக்குழந்தைக்காரிகளுக்கு இரவு வேலை நின்றது. ஆனால் எல்லாருக்கும் பன்னிரண்டு மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. திரும்பும்போது அவர் முன்னால் வேகமாக நடந்தார். நான் தள்ளிப் பின்னால் வந்தேன். நீங்கள் நடுவில் நடந்திருந்தால் எங்கள் இருவரையும் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

அவரை மாற்றியது எது, அக்கா? மேனேஜரின் அந்தக் குளுகுளு அறையா? இல்லை, அவர் சொன்னதற்கெல்லாம் வருஷக்கணக்கில் கைதட்டிக்கொண்டிருந்த நாமா? இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அடுத்த சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். ஜெயித்தால், என்னை எதிர்த்து எழுந்து கேட்க ஒருத்தியையாவது தயார் செய்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைவேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
சரோஜா