பச்சை பூசின றலி

தில்லையடி,
புத்தளம்.
2025 ஏப்ரல் 11

பாக்கியம்மா தங்கச்சி, இதை மனுவேலின்ட கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து உரத்து வாசியுங்க. அவனுக்குக் காது கேக்குது, வாய்தான் வரல்ல எண்டு உங்க ரெண்டு பேரின்டயும் மகள் சுஜாந்தி ஃபோன்ல சொன்னா. எனக்காக இரங்கி எதையும் விட்டுட்டு வாசிக்க வேணாம்.

அன்பு மச்சான் மனுவேல்,

நான் சுகம், நீ சுகமா எண்டு தொடங்க எனக்கு முகமில்ல. பதிமூணு வருசமா உன்ட பேரை இந்த வீட்டில எடுக்கக் கூடாது எண்டு வச்சிருந்தவன் நான். பாரிசவாதம் வந்து நீ கனடாவில படுக்கையில கிடக்கிறாய் எண்ட செய்தியே மூணு மாசம் பிந்தித்தான் எனக்கு வந்தது. வந்தண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. ஆனா அண்டைக்கும் என்ட கோபம் முழுசாப் போகல்ல, அதையும் சொல்லிப்போடுறன்.

பரீனாவும் நானும் இந்த முறை ஹஜ்ஜுக்குப் போறம். அடுத்த மாசம் பன்னிரண்டாந் திகதி பயணம். எங்கட ஆக்கள் போக முதல் தெரிஞ்ச எல்லாரிட்டயும் போய், செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்க எண்டு கேக்கிறது உனக்குத் தெரியும். என்ட வாப்பா உங்கட வீட்டுக்கும் வந்து உன்ட அப்பாட கையைப் பிடிச்சுக் கேட்டவர். நாம ரெண்டு பேரும் வேலிக்கு அங்கால நிண்டு சிரிச்சம். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். மனிசனுக்குச் செய்ததை அந்த மனிசன்தான் பொருந்த வேணும். தில்லையடியில, மதுரங்குளியில ஒரு வீடு விடாமப் போயிட்டன். மிச்சம் நீ ஒருத்தன்தான்.

நம்மட சைக்கிள் ரெண்டையும் நினைச்சுப் பார். எழுவத்தாறாம் ஆண்டு. தலைமன்னார்த் துறையில வேலை செய்த சுங்க ஐயா ஓய்வெடுத்துப் போகேக்க அவரிட்ட வாப்பா எனக்கு வாங்கித் தந்த றலி. கறுப்பில தங்கக் கோடு, முன்னுக்குக் கொக்குத் தலை போட்ட தகடு. உன்ட ஹம்பருக்கு முன் ஃபோர்க் ரெட்டைக் குழாய். இங்கிலாந்துச் சாமான் எண்டு நாம அடிச்ச லெவல் கொஞ்சமா? எருக்கலம்பிட்டியில இருந்து பேசாலை வரைக்கும் சோளகக் காத்துக்கு எதிரா மிதிப்பம். பாதி வழி நீ முன்னால போய்க் காத்தை மறைக்க, மிச்சப் பாதி நான் வரவேணும் எண்டு ஒப்பந்தம். நான் ஒருநாளும் முன்னுக்கு வந்ததில்ல. நோன்பு காலத்தில நான் தண்ணி குடிக்கல்ல எண்டு நீயும் குடியாம மிதிச்சு, உங்கட முற்றத்தில மயங்கி விழுந்து அம்மாட்ட ஏச்சு வாங்கினாய்.

உங்கட வேலியடிக்கு வந்து நான் ரெண்டுதரம் மணி அடிப்பன். கட்டிலுக்குப் பக்கத்தில நிறுத்தி வச்சிருக்கிற ஹம்பரின்ட மணியை நீ உள்ளுக்கிருந்து ரெண்டுதரம் அடிப்பாய். கூப்பிடுறதும் அதுதான், வாறன் எண்டு சொல்றதும் அதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர்ல ஆயுதக்காரர் எங்கட முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னாங்க. வள்ளத்துக்குக் காத்து நிண்ட கடற்கரைக்கு நீ வந்தாய். சைக்கிள் ஏத்த விடல்ல. இது உன்னட்ட அமானிதம், பத்திரமா வச்சிரு, வந்து எடுப்பன் எண்டு சொல்லி றலியை உன்ட கையில தந்தன். நீ ஹம்பர்ல ஏறி, மற்றக் கையால றலியின்ட ஹேண்டிலைப் பிடிச்சு, ரெண்டையும் ஒண்டா ஓட்டிக்கொண்டு போனாய். பனைமரங்களுக்குள்ள நீ மறையும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு பிள்ளையத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில ஏறினன்.

ரெண்டாயிரத்து மூணாம் ஆண்டு சண்டை நிண்டு பாதை திறந்திருக்கேக்க, எங்களோட வெளியேறின றிஸ்வி ஊர் பாத்துட்டு வந்தான். மனுவேல் உன்ட றலிக்குப் பச்சைப் பெயின்ற் அடிச்சு, பின்னுக்கு மீன்பெட்டி கட்டி ஊரூரா விக்கிறான் எண்டு சொன்னான். நான் போய்க் கேட்டிருக்கலாம். போகல்ல. அமானிதத்தைத் திண்டுபோட்டான் எண்டு பள்ளிவாசல் முன்னுக்கு நிண்டு நாலு பேருக்குச் சொன்னன்.

ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில, கனடாவுக்குப் போக முதல் தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்கு வந்த நீ, வான் கூரையில சைக்கிளைக் கட்டி எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு பாத்தன். பாசி பிடிச்ச மாதிரி ஒரு பச்சை. தகடில்ல, விளக்கில்ல, தோல் சீற் இல்ல, மணிகூட இல்ல. சதையைத் திண்டுட்டு எலும்பைக் கொண்டு வந்திருக்கிறான் எண்டுதான் நினைச்சன். நான் வீட்டில இல்ல எண்டு சொல்லச் சொல்லிப் பரீனாவை அனுப்பினன். நீ பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் கேற்றடியில இருந்தாய். பிறகு அவ தந்த தேத்தண்ணியைக் குடிச்சு, ஒரு சாக்குப் பையையும் அவட கையில குடுத்துட்டு வெளிக்கிட்டாய். போகேக்க ஒருக்கா ஜன்னலைத் திரும்பிப் பாத்தாய். நான் நிண்டது உனக்குத் தெரியும் எண்டுதான் நினைக்கிறன்.

அடுத்த நாள் காலையில அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துட்டன். பையையும் எறியச் சொன்னன். பரீனா எறியல்ல. எனக்குத் தெரியாம அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறா.

போன கிழமை பயணப் பெட்டியை இறக்கேக்க அந்தப் பையும் சேந்து விழுந்தது. உள்ளுக்கு மணிச் சத்தம் கேட்டது மச்சான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அவிழ்த்துப் பாத்தன். உன்ட பழைய சாரனில சுத்தி, தேங்காய் எண்ணெய் பூசி, கொக்குத் தலைத் தகடு, விளக்கு, டைனமோ, தோல் சீற், மணி. ஒண்டிலயும் துருக் கறள் இல்ல.

அப்பதான் பரீனா, நீ அண்டைக்குக் கேற்றடியில சொன்னதைச் சொன்னா. இத்தனை வருசமும் அவவை நான் வாய் திறக்க விடல்ல. எங்கட சனம் விட்டுட்டு வந்த சாமான்களை ஆயுதக்காரர் வீடு வீடாத் தேடி எடுத்தாங்களாம். ஆரும் அடையாளம் காணக் கூடாது எண்டு நீ றலியில நல்லதெல்லாம் கழட்டி மண்ணுக்குள்ள தாட்டு வச்சு, வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின பச்சையை அதுக்குப் பூசினாயாம். பிறகு வீட்டுக்கு ஒரு சைக்கிள் தரவேணும் எண்டு வந்து நிண்டாங்களாம். நீ உன்ட ஹம்பரைக் குடுத்தாயாம். இது என்ட, குடுக்கலாம். மற்றது ஜெமீல்ட, அதைக் குடுக்க எனக்கு உரிமையில்ல எண்டு பாக்கியம்மாவுக்குச் சொன்னாயாம். அதுக்குப் பிறகுதான் ஓட வேற சைக்கிள் இல்லாம, அந்தப் பச்சையில மீன்பெட்டி கட்டியிருக்கிறாய்.

அமானிதத்தைத் திண்டது நான்தான் மச்சான். இருபத்திரண்டு வருசம் நீ காத்துக் கொண்டுவந்து தந்ததை ஒரு காலையில அழிச்சுப்போட்டன். மதுரங்குளிச் சந்தி வரைக்கும் இரும்புக் கடை கடையாப் போய்க் கேட்டன், சிரிக்கிறாங்க. நான் பள்ளிவாசலடியில சொன்ன நாலு பேர்ல ரெண்டு பேர் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாங்க. மிச்ச ரெண்டு பேரிட்டயும் றிஸ்வியிட்டயும் போய், மனுவேல் கள்ளனில்ல, நான்தான் பொய்யன் எண்டு சொல்லிட்டன். மௌத்தான ரெண்டு பேருக்கும் எப்பிடிச் சொல்றது எண்டு தெரியல்ல.

வெக்கத்தை விட்டு எழுதுறன். நான் அழுதுகொண்டுதான் இருக்கிறன். பொருந்தினன் எண்டு ஒரு வார்த்தை உன்ட வாயால கேக்காமப் போறது எனக்குப் பெரிய பயமாயிருக்கு. அந்த வார்த்தை உன்ட வாயில இருந்த காலத்தில நான் சீலைக்குப் பின்னால நிண்டுட்டன்.

பாக்கியம்மா தங்கச்சி, என்ட மருமகன் இன்சாப் இந்த மாசம் இருவதாந் திகதி கனடாவுக்கு, உங்கட பக்கம் வாறான். இந்தக் கடிதத்தோட றலியின்ட மணியையும் அவனிட்டக் குடுத்து விடுறன். மனுவேல்ட காதடியில ரெண்டுதரம் அடியுங்க. வலது கை கொஞ்சம் அசையுது எண்டு சுஜாந்தி சொன்னா. அந்தக் கையில மணியை வச்சு, பெருவிரலை மணியடிக்கிற கொண்டிக்கு மேல வச்சு விடுங்க.

அவன் அடிச்சா, எந்த நேரமெண்டாலும் எனக்கு ஃபோன் எடுத்து அந்தச் சத்தத்தைக் கேக்க வையுங்க. அடிக்காட்டி, ஏலாமையாலயா, என்னோட கோபத்தாலயா எண்டு அவனைக் கேட்டு வருத்த வேணாம். மணியை மட்டும் கையில இருந்து எடுத்துப்போடாதீங்க. பயணம் போற பன்னிரண்டாந் திகதி வரைக்கும் நான் ஃபோனைப் பக்கத்தில வச்சுக்கொண்டு இருப்பன். அதுக்குப் பிறகும் இருப்பன்.

அல்லாஹ் அவனுக்கு வேதனையைக் குறைச்சு வைக்கட்டும்.

கேற்றடியில உன்னைக் காக்க வச்ச,
ஜெமீல்