உனக்குக் கட்டாத பல்

என் அன்பு மல்லிகா அக்கா,

பல் டாக்டருக்கு ஏன் படித்தாய் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். உண்மை உனக்குத் தெரியுமா?

கல்யாணமான வருஷமே முன்பல் பாதி உடைந்து நம் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து நின்றாய். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய். யாரும் நம்பவில்லை. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்வல்ப... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்.

சாயங்காலமே உன் புருஷன் வந்து கூப்பிட்டான். கிளம்பும்போது சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, "நீ பல் டாக்டராயிடுடி. எனக்கு ஓசியில பல்லு கட்டிவுடு" என்று சிரித்தாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு உனக்காக வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அதையே பிடித்துக்கொண்டேன்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்தபோதும் அந்தப் பல் அப்படியேதான் இருந்தது.

இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் வந்தாள். நீ இறந்தபோது இருந்த வயதுதான் இருக்கும். முன்பல் உடைந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் அவள் புருஷன்தான் பதில் சொன்னான். "பாத்ரூம்ல விழுந்துட்டா மேடம்."

எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்று அவனை வெளியே அனுப்பிவிட்டு, "அடிச்சாராம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கேக்காதீங்க மேடம். அப்புறம் இங்கயும் வர வுடமாட்டாரு."

மருந்துச் சீட்டின் பின்னால் என் நம்பரை எழுதப் போனேன். "வேணாம், சீட்டு அவரு கையிலதான் இருக்கும்" என்றாள். பேனாவை வைத்துவிட்டேன். பல்லைக் கட்டினேன். எது பழசு, எது புதுசு என்று தெரியாத அளவுக்கு நன்றாகவே கட்டினேன்.

அவன் உள்ளே வந்து அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "சூப்பர் மேடம். ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு."

இதற்காகவா அக்கா படித்தேன்? நீ உயிரோடு இருந்திருந்தால், உனக்கும் இப்படிக் கட்டிவிட்டு, வெளியே தெரிந்த அந்த ஒரு சாட்சியையும் அழித்து, அதே வீட்டுக்குத்தானே அனுப்பியிருப்பேன்?

செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தேவையே இல்லாத செக்கப். வருவாளோ, என்னவோ. வந்தால் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடியும் கேட்பேன். வாயைத் திறக்காவிட்டால் அடுத்த மாதமும் வரச் சொல்வேன். அவள் சொல்கிறவரை கேட்பேன். இன்றைக்கு என்னால் செய்ய முடிந்த சத்தியம் இவ்வளவுதான்.

உன் கூடப்பிறந்தவள்,
ரேவதி