எட்டுப் பேருக்கும் 110/70

நவ. 10, திங்கள்

மழை விட்டபாடில்லை. ஈரத்தில் தோல் கம்பெனி நாற்றம் ஜாஸ்தி. நெற்றியில் நான்கு தையல். விண் விண் என்று வலி.

ரோஸ்லின், ஷூ கம்பெனியில் தைக்கிறவள், என் ஏரியா கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து ஆற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போனவள். வெள்ளியன்று அங்கே குழந்தை இறந்தே பிறந்தது. பி.பி. எகிறியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை அவள் புருஷன் தாஸ் சுகாதார நிலையத்துக்குள் புகுந்து நாற்காலியால் கம்ப்யூட்டரை நொறுக்கினான். அடுத்த அடி எனக்கு.

"எல்லாம் நார்மல்னு எழுதினியேடி! இன்னா பாத்த நீ?"

டாக்டரம்மா போலீசில் சொல்லிவிட்டார். "உன்ன மாதிரி நர்ஸ் மேல கை வெக்கறானே, பாவி" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவ. 11

போன மாதக் கர்ப்பிணிகள் முகாம். பி.பி. மெஷினில் கையில் சுற்றுகிற பட்டை கிழிந்திருந்தது. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. வந்த எட்டுப் பேருக்கும் 110/70 போட்டேன். எட்டுப் பேருக்கும்! அதைப் பார்த்துத்தான் ஆற்காட்டு நர்ஸ் "அவசரமில்ல, அடுத்த வாரம் வாம்மா" என்று ரோஸ்லினுக்கு பி.பி. பார்க்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்தக் கையை அடுப்பில் வைக்க வேண்டும்.

டாக்டரம்மா லேப்டாப்பில் அந்தத் தேதியைப் போட்டுத் தேடினேன். ரோஸ்லின் போக ஏழு. பையில்: வேறு மெஷின், யூரின் டெஸ்ட் குச்சி, பிஸ்கட், குடை. மாலைக்குள் மூன்று பேர். சரியாக இருக்கிறார்கள்.

நவ. 12

காலையில் இன்னும் மூன்று. சரி.

கடைசி, கவிதா. அவளும் அம்மா வீட்டில்தான், சத்துவாச்சாரி. கால் வீக்கம், கண் மங்கல். 170/110. உடனே ஆஸ்பத்திரி என்றேன். அவள் அப்பா வாசலை மறித்தார்.

"இன்னிக்கி அஷ்டமி, நாளைக்கி நவமி. வெள்ளிக்கெழம நாங்களே கூட்டினு போறோம்."

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். சுவரில் போய் மோதினார். கவிதாவின் அம்மா என் முடியைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்து கண்ணுக்குள் ரத்தம். அவள் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டேன். ஆமாம், கடித்தேன். கவிதாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஆபரேஷன். பெண். ஒன்றே முக்கால் கிலோ. அழுதது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நானும்.

நவ. 13

ஸ்டேஷன். புகாரில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். நேற்றிரவு பிடித்து வந்த தாஸுக்கு உதடு கிழிந்திருக்கிறது, ஒரு கண் திறக்கவில்லை. நன்றாகச் சாத்தியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"அக்கா, வெறியில அடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டேன். கிழிந்த பட்டை, 110/70, எல்லாம்.

"அப்ப நீ பாக்கவேயில்லியா?"

"இல்ல."

"அடிடா என்னை" என்று கத்தினேன். அவன் என் பக்கமே வரவில்லை. திரும்பிச் சுவரில் தலையை மோதினான். மறுபடி. மறுபடி. இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.