அப்பாவின் ரத்தம் கேட்டார்கள்

அன்பு மகன் கிப்செரெமுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மா ஜெபிட்டோக்கும் மாடு கன்றுகளும் இங்கே சுகம். உன் உடம்பும் கால்களும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று விடியும்போதெல்லாம் சூரியனைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். மழை நன்றாகப் பெய்து சோளம் இடுப்புயரம் வந்துவிட்டது, கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, கப்சபெட் சாலையை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நெதர்லாந்து ஓட்டப் பந்தயத்தில் நீ ஜெயித்ததும் நம் நாட்டு வானொலியில் உன் பேட்டி வந்தது. மாவு மில் வாசலில் ஊரே நின்று கேட்டது. எப்படி ஜெயித்தாய் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டதற்கு, "எல்லாம் ரத்தம்தான். எங்க நந்தி ஜனத்து ரத்தத்துலயே ஓட்டம் இருக்கு. மலைக்குக் கீழ இருக்கிற லூயா ஜனத்தோட காலெல்லாம் மூட்டை தூக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். கூட்டமும் சிரித்தது. உன் சிநேகிதன் வஃபுலா, அவனும் லூயாதானே, தலையில் மாவு மூட்டையோடு அங்கேதான் நின்றிருந்தான். தேயிலைத் தோட்டப் பாதையில் குளிரில் உனக்கு முன்னால் ஓடி ஓடி உனக்கு வேகம் பழக்கியவன் அவன். மூட்டையை நம் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, அவன் என்னையா சொன்னான்?" என்று கேட்டான். உன் அம்மா அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. ரத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றால், நம் குலத்துப் பால்காரன் கிர்வா தப்பித்த கன்றைப் பிடிக்க ஓடினால்கூட நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறானே, அவன் உடம்பில் ஓடுவது என்ன மோரா?

போன வாரம் அந்த டாக்டர் வந்தார். நம் ஓட்டக்காரர்களை ஆராய்கிறேன் என்று உன் ரத்தத்தை எடுத்தவர்தான். உன் சம்மதம் இருக்கிறது, பெற்றவர்களுடைய ரத்தமும் வேண்டும், இந்த ஓட்டம் எந்த வழியாக உனக்கு வந்தது என்று பார்க்கவேண்டும் என்றார். கூட நம் ஊர்ப் பெண் ஜெருட்டோ, நர்ஸ் வேலை பார்ப்பவள், வந்திருந்தாள். முதலில் அப்பா வரட்டும் என்றார். நான் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக் கையை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, பாட்டியம்மா இல்லை, அப்பா என்றார். ஜெருட்டோ பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பிள்ளை இல்லாத பெண் மாடு கொடுத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால் அவள்தான் அந்த வீட்டுக்குப் புருஷன், பிறக்கிற பிள்ளைகளுக்கு அப்பா, கருவுக்குக் காரணமானவன் யார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை என்றாள். அந்த மனுஷனுக்குப் புரிந்தது, ஆனாலும் விடவில்லை. உன் அம்மாவைப் பார்த்து, "சரி, நிஜமான அப்பா யாரு?" என்று கேட்டுவிட்டார். வேலியோரம் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். உன் அம்மா தேநீர்க் கெண்டியை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்குக் கண் சிவந்துவிட்டது. "நிஜமான அப்பா நான்தான். எடுக்கிறதுன்னா எடுங்க, இல்லேன்னா எழுந்து போங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லுமுன் ஜெருட்டோ என் கையில் வாரைக் கட்டி ஊசியைப் போட்டுவிட்டாள். கிளம்பும்போது அவர் தணிவாகத்தான் பேசினார். மகனுடைய ரத்தம் ஒன்றே போதும், அவன் முன்னோர் எந்தெந்த ஜனம் என்று அதுவே சொல்லிவிடும், முடிவை அவனுக்கே அனுப்புவோம் என்றார்.

யாரோ முன்பின் தெரியாதவர்கள் தாளில் எழுதி அனுப்பி நீ தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லிவிடுகிறேன். கருவுக்குக் காரணமானவன் பெயரைச் சொல்லமாட்டேன், நம் வழக்கம் அது. நீயும் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நீ யாரைச் சொல்லிச் சிரித்தாயோ அந்த லூயா ரத்தம்தான் உன் உடம்பில் பாதி. நீ ஜெயித்த ஓட்டத்தில் எது யார் கொடுத்தது என்று எந்த டாக்டரும் பிரித்துக் காட்டட்டும் பார்க்கலாம். நம் ஊரில் தேர்தல் கலவரத்தில் இந்த ஜனம் அந்த ஜனம் என்று பிரித்து வீடுகளைக் கொளுத்தியபோது உன் அம்மா உன்னை மடியில் இறுக்கிக்கொண்டு ஏன் அப்படி நடுங்கினாள் என்று இப்போது உனக்குத் தெரியும். எனக்கு வேறொரு பயமும் இருக்கிறது. என் ரத்தத்துக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை என்றும் அந்தத் தாள் சொல்லும். அதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இருமல் வந்தால் பயிற்சியாளரைக் கேட்காமல் எந்த மருந்தும் குடிக்காதே, பிறகு ஊக்க மருந்து போட்டு ஓடினான் என்பார்கள். வஃபுலாவுக்கு இன்றைக்கே போன் செய். என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்றும் ஆகாது, அவனிடம் கேள். வானொலியில் சொன்னது தப்பு என்று வானொலியிலேயே சொல். நீ வந்து இறங்கும்போது, ஜெயித்து வருகிறவனுக்கு நம் வழக்கப்படி கொடுக்கும் புளிப்புப் பால் குடுக்கையை அப்பாதான் உன் வாயில் வைக்கவேண்டும். உன் அம்மா குடுக்கையைக் கரி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள். வஃபுலா என் பக்கத்தில் நிற்பானா என்பது உன் கையில் இருக்கிறது. உன் கால்கள் கல்லில் இடறாமல் இருக்கட்டும், உன் மந்தை பெருகட்டும். அந்தத் தாள் வந்த பிறகு இதற்குக் கீழே இருக்கும் வரியை மாற்றவேண்டும் என்று தோன்றினால் நீயே அடித்து எழுதிக்கொள். நான் மாற்றமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா தப்சுபெய்