புள்ளி இருந்தால் கிள்ளாதீங்க

மாமா,

மாலை வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. கிணற்றடி நிழலில் இருக்கும் மூன்று டோட் லில்லிப் பூத்தொட்டிகளுக்கும் தலா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்க. வெள்ளை, மஞ்சள், ஊதா என்று சீட்டு கட்டியிருக்கிறேன்.

நேற்று ஊதாவின் மொட்டைக் கிள்ளிவிட்டு, "கறைம்மா, பரவிடும்" என்றீங்க. தறியில் பட்டில் கறை தேடிப் பழகிய கண்ணாச்சே! அந்தப் பூவுக்குப் புள்ளிதான் அழகு. முன்பே சொல்லாமல், உங்களிடம் அப்படிக் கத்தியது என் தப்பு.

ஏற்காட்டில் வாங்கிய அன்று, ஊர் வரும்வரை அந்தத் தொட்டியை மடியில் வைத்து, அதற்கு ஈரத் துண்டைப் போர்த்திக்கினு வந்தீங்களே, அதையே நினைத்துக்கினு இருக்கிறேன்.

– காவேரி

பி.கு: ஊதாவில் இலைக்கடியில் இன்னொரு மொட்டு இருக்குது, இப்போதுதான் பார்த்தேன். நேற்றிலிருந்து நீங்க என்னிடம் பேசவே இல்லை. அது விரியும்போதாவது வாயைத் திறந்து என்னைக் கூப்பிடுங்க.