தண்ணீர் ட்யூபில் வந்த மீன்

என் பிரியமுள்ள ராஜம் அக்காவுக்கு,

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் யாரோ வேறு ஒருத்தியைப் பற்றி எழுதுவது போலவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். மற்றவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே அங்கங்கே விளக்கினால் பொறுத்துக்கொள், அது அவர்களுக்காக.

முதலில் செய்தி. பயிற்சி இந்த வருஷமும் நடந்தது. நீ இல்லாமல் நடந்தது. நன்றாக நடந்தது என்று நானே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நன்றாகத்தான் நடந்தது.

இந்த வேலைக்கு நான் வந்ததே விபத்து. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சால்ட் லேக்கில் உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு லேக் கார்டன்ஸில் என் வீட்டுக்கு வந்தாய். அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள், முடிவில்லாமல் மாறி மாறி ஓடின. "இது ஒரு ஜீன். இந்த மாதிரியே இன்னொண்ணு இந்தக் குவியல்ல எங்க இருக்குன்னு தேடிக் குடுடா" என்றாய். அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அது வெறும் எழுத்துக் குவியல். தேடுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமே, "இதை எங்க ஆட்களுக்குச் சொல்லிக் குடுக்க வா" என்றாய்.

"அக்கா, தவளைக்கும் தேரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது."

"அதான் வேணும். நீ கேக்கற கேள்வியை இவா யாரும் கேக்க மாட்டா, கௌரவம் தடுக்கும். பேசாம வா."

பேசாமல் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வந்துகொண்டிருந்தேன்.

வருஷத்தில் இரண்டு வாரம். மாவட்டக் கல்லூரிகளிலிருந்து தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் வருவார்கள். வருஷக்கணக்காகக் கரும்பலகையில் ஜீன் வரைந்தவர்கள். ஒரு ஜீனைக் கையால் தொட்டதில்லை. முதல் வாரம் ஆய்வக மேசை, இரண்டாவது வாரம் கணினி. கணினி தெரிந்தவர் மேசை வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடப் பார்ப்பார். மேசை வேலை தெரிந்தவர் கணினியைத் தள்ளிவிடப் பார்ப்பார். நீ நடுவில் புகுந்து பிரித்து உட்கார வைப்பாய். எடுத்தவரே படிக்க வேண்டும், அவ்வளவுதான் உன் சட்டம்.

எடுப்பது மீன். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ச் சந்தையிலிருந்து ஒரு துண்டு கொண்டு வர வேண்டும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் இயந்திரத்தில் வைத்துப் பல மடங்காகப் பெருக்கி, எழுத்துகளைப் படித்து, என்ன மீன் என்று கணினியில் தேடிச் சொல்ல வேண்டும். வெங்காயம் கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத வீட்டில் பிறந்த நாம் இரண்டு பேர், ஊர் ஊராக மீன் வரவழைத்தோம். மினிபஸ்ஸில் என் பை பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், "தாதா, என்ன மீன்? என்ன விலை?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் நம்மை வாசலிலேயே குளிக்கச் சொல்லியிருப்பாள்.

அப்புறம் அந்தத் தண்ணீர் ட்யூப். எல்லா ட்யூபிலும் போடுகிற எல்லா மருந்தும் அதிலும் போகும். மீனுக்குப் பதில் வெறும் தண்ணீர். அதில் கடைசியில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ அழுக்கு சேர்ந்திருக்கிறது, மற்ற ட்யூப்களையும் நம்ப முடியாது. அந்த ட்யூபை முதல் வருஷத்திலிருந்தே நீ எனக்குத்தான் கொடுத்தாய். "கை நடுங்கறவன் கிட்டக் குடுத்தாதான் அது பரீட்சை" என்பாய். அது பாராட்டா, கேலியா? நான் கேட்டதில்லை. இப்போது யாரிடம் கேட்பேன்?

நீ கண்ணை மூடிய பிறகு நிலையத்துக்குப் புது இயக்குநர் வந்தார். கெட்டவர் இல்லை. என்னையும் அனிந்திதாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அனிந்திதா உன்னிடம் ஆராய்ச்சி செய்து, உன் மேசையிலேயே வேலைக்கும் சேர்ந்தவள். (இங்கே எல்லோரும் பேசியது வங்காள மொழியில். நான் தமிழில் எழுதுகிறேன்.)

"ரகு பாபு, மேசை வேலை எதுக்கு? தேவையான எழுத்து வரிசையெல்லாம் இண்டர்நெட்ல கிடைக்குது. அதையே குடுத்துடுங்க. ஒரே வாரம். கம்ப்யூட்டர் மட்டும் போதும்."

எனக்குச் சாதகமான யோசனைதான், என் பாதி மட்டும் மிஞ்சும். அனிந்திதா விடவில்லை. "ஒரு தடவை நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க சார். பார்த்துட்டு நிறுத்துங்க" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாவது வாரம் வருவார், பார்ப்பார், அன்றைக்கே முடிவு. நீ பத்து வருஷமாகக் கட்டியது அந்த ஒரு நாளில் தொங்கியது.

முதல் வாரம் புதன்கிழமை ஜெல் ஓட்டினோம். பெருக்கிய டி.என்.ஏ. இருந்தால் ஜெல்லில், புற ஊதா விளக்கின் கீழே, ஒரு பட்டையாக ஒளிரும். ஒவ்வொருவர் தடத்திலும் ஒரு பட்டை. கிருஷ்ணநகர் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் மௌசுமி கையைத் தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். பிறகு கைதட்டல் தேய்ந்தது. கடைசித் தடத்திலும் ஒரு பட்டை, மங்கலாக. அது என் தண்ணீர்.

"ரகு-தா, உங்க கைதான்" என்றாள் அனிந்திதா, மெதுவாக. "ஜெல்லில பக்கத்துக் குழியிலிருந்து சிந்தியிருக்கும். விடுங்க. குரியர் நாலு மணிக்கு."

அக்கா, நான் நம்பிவிட்டேன். என் கை நடுங்கும் என்று எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும். தப்பு என்னுடையது என்றால் எனக்கு ஒரு நிம்மதி கூட வந்துவிடும், உனக்குத் தெரியும். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

ஆனால் வாயில் வந்தது வேறு. "என் கையாயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்தத் தண்ணியையும் மீன்களோட அனுப்பு."

"தண்ணியையா? படிக்கவா?"

"படிக்க."

எழுத்துகளைப் படித்துத் தரும் பெங்களூர்க் கம்பெனிக்கு ஒரு மாதிரி கூடுதலாக அனுப்ப இயக்குநர் கையெழுத்து வேண்டும். நானே மாடி ஏறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தண்ணியில என்ன படிக்கப் போறீங்க, ரகு பாபு?" என்றார். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போடும் வரை நான் நகரவில்லை. என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியின் மேசை முன்னால் நான் நகராமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை முடிவுகள் மெயிலில் வந்தன. தண்ணீரைத் தவிர. அதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்: லேபிளில் 'வாட்டர்' என்று இருக்கிறதே, தவறுதலாக வந்துவிட்டதா? இல்லை அம்மா, தயவுசெய்து படியுங்கள் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

இங்கே அவரவர் தங்கள் வரிசையைக் கணினியில் தேடினார்கள். மௌசுமி கொண்டுவந்த பாப்தா மீன், பாப்தாவாகவே வந்தது. "இதைத் தெரிஞ்சுக்க இவ்வளவு பாடா? என் மாமியார் வாலைப் பார்த்தே சொல்லிடுவாங்க" என்றாள். ஆனால் வேறு மீன் கொண்டுவந்த மூன்று பேருக்கு ரூயி (தமிழில் ரோகு) என்று வந்தது. அதில் இரண்டு பேர் தங்கள் ட்யூப் மாறிப் போயிருக்கும் என்று தலையைச் சொறிந்தார்கள். மூன்றாமவர் தபன் பாபு, ஹவுராவில் விலங்கியல் ஆசிரியர். அவர் கொண்டுவந்தது காத்லா, நம் ஊர்க் கட்லா. ரூயியைவிட ஒசத்தி, விலையும் அதிகம். சந்தையில் வெட்டிய துண்டாக வாங்கியிருந்தார். திரையைப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தபன் பாபு உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மீன்காரன் நிமாயை நாலு பேர் முன்னால வெச்சு கேட்டுட்டு வந்துட்டேன்! இத்தனை வருஷமா ரூயியைக் காத்லான்னு வித்திருக்கான். சைன்ஸ் பொய் சொல்லுமா, படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டேன். மூஞ்சியைப் பார்க்கணுமே!"

"அவன் என்ன சொன்னான்?" என்றாள் மௌசுமி.

"காளி மேல சத்தியம் பண்றான், திருடன்."

"மாஸ்டர்மஷாய், நீங்க விலங்கியல் ஆசிரியர். தின்னும்போது தெரியலையா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இயக்குநரும் சிரித்தார். பார்த்தீர்களா, இண்டர்நெட் இருந்தால் மீன்காரனையே பிடித்துவிடலாம் என்றார். அவர் முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குப் புரிந்தது. அப்போதுதான் என் மெயிலில் தண்ணீர் வந்து சேர்ந்தது.

எனக்குப் பேச வராது, அக்கா. வரிசையைப் பெரிய திரையில் போட்டேன், தேடலை ஓட்டினேன். நம் இண்டர்நெட் உனக்குத் தெரியுமே, காத்திருந்தோம். முதல் வரியில் பெயர் வந்தது. ரூயி.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தபன் பாபு எழுந்து நின்றார். "தண்ணியில ரூயியா?" என்றவர், அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நிமாய்!"

அனிந்திதா நேரே குளிர்பெட்டிக்குப் போனாள். எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்திய மருந்துப் புட்டி ஒன்றோடு வந்தாள். பயிற்சிக்கு முந்தின வாரம் அவள் வெள்ளோட்டம் பார்த்தது ஒரு ரூயித் துண்டை வைத்து; அதே புட்டியிலிருந்து. அப்போதே ரூயியின் ஒரு துளி புட்டிக்குள் சேர்ந்துவிட்டிருக்கிறது. டி.என்.ஏ. நன்றாக எடுத்தவர்களுக்குத் தங்கள் மீன் ஓங்கி வந்துவிட்டது. சரியாக எடுக்காதவர்களுக்கு அந்தப் பழைய ரூயி வந்துவிட்டது. "ரகு-தா, உங்க கை இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

புட்டியைக் கொட்டிவிட்டு அன்றே புதிதாகக் கலந்தோம். அந்த மூன்று பேரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இயக்குநர் போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு அவரும் சொட்டு அளக்கும் பைப்பெட் ஒன்றை எடுத்துக்கொண்டார். அவருடைய கையும் நடுங்கியது! சாயங்காலம் ஜெல்லில் மீன் தடங்கள் மட்டும் ஒளிர்ந்தன. என் தடம் வெறும் இருட்டு. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

இயக்குநர் கையைக் கழுவிக்கொண்டே மௌசுமியைக் கேட்டார்: "ரெடிமேடா வரிசை குடுத்திருந்தா?"

"எல்லாம் அழகா சரியா வந்திருக்கும் சார். சரியா வராதப்போ என்ன பண்றதுன்னு மட்டும் தெரியாமலே ஊருக்குப் போயிருப்போம்."

அவர் தலையை ஆட்டினார். மேசை இருக்கட்டும், இரண்டு வாரமே இருக்கட்டும் என்று அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிட்டார். தபன் பாபுவின் காத்லா வெள்ளிக்கிழமை காத்லாவாகவே வந்தது. நிமாயிடம் மன்னிப்புக் கேட்கப் போன மனிதரை அவன் சும்மா விடவில்லை. ஒரு முழு மீனைத் தலையில் கட்டிவிட்டானாம்.

இன்னொரு செய்தி, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கிளம்பும்போது மௌசுமி, "எங்க காலேஜுக்கு வந்து நடத்துவீங்களா?" என்று கேட்டாள். கிருஷ்ணநகர். அங்கே ஒரு நீள அறை இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, மின்சாரம் இருக்கும்போது இருக்கிறது. வேறொன்றும் இல்லை. வழக்கமாக நான் என்ன சொல்லியிருப்பேன்? யோசிக்கிறேன், அனிந்திதாவைக் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்குமோ. ஆனால், "வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அனிந்திதா கிண்டலாகப் பார்த்தாள். இப்போது இருவரும் உட்கார்ந்து என்னென்ன எடுத்துப் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அக்கா. குளிர் குறைந்ததும் சியால்தாவில் ரயில் ஏறுவேன். கிருஷ்ணநகரில் மேசையில் கை நனையாத ஒருவரையும் கணினி முன்னால் உட்கார விடமாட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. எனக்குத் தெரியாததை உரக்கச் சொல்லிக் கேட்பேன். அங்கே முடிந்ததும் இன்னொரு ஊர் கூப்பிட்டால் அங்கேயும் போவேன்.

என்றும் உன் சொல் கேட்கும் தம்பி,
ரகு
லேக் கார்டன்ஸ், கொல்கத்தா