பதினேழாம் புள்ளி

காலையில் பேனல் ரூம் கதவைத் திறந்ததும் இன்சுலேஷன் டேப் சூடாகும் வாசனை. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது; வாசனைக்கு அதெல்லாம் தெரியாது.

சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவை நான் முதல்முறை பிடித்த நாள் நினைவிருக்கும் உனக்கு. திரையில், பேனலுக்குள் மின்சாரம் ஓடும் செம்புப் பட்டை வெள்ளையாய் எரிந்தது. நான் டிகிரியைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு புரொடக்‌ஷன் லைனையே நிறுத்த வைத்தேன். நீ வந்து எட்டிப் பார்த்தாய்.

“ஏல, அது உன் மூஞ்சி. ஒரு எட்டு தள்ளி நின்னு பாரு.”

தள்ளி நின்றேன். சூடும் என்கூடவே நகர்ந்தது. பளபளப்பான செம்பு என் உடம்புச் சூட்டையே எனக்குக் காட்டியிருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் கேன்டீனில் எனக்குப் பெயர் ‘ஹீரோ’. மூஞ்சியைக் காட்டியே லைனை நிறுத்தியவனாம். பெயர் வைத்தது நீ.

படப்பையில் நாம் தங்கியிருந்த ரூமில் உனக்கு வேறு சூடு. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறப்பாய். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கும் அகச்சிவப்புப் படங்கள். சாதாரண ஒளியில் நீ எடுத்துக்கொண்ட வானத்துத் துண்டு வெறும் கறுப்புத் தூசி. அகச்சிவப்பில் பார்த்தால் உள்ளே சூரியனைவிடப் பல மடங்கு கனமான விண்மீன்கள், கொத்தாக, புதிதாகப் பிறந்தவை. தபால்வழி எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அதில் எவையெல்லாம் இளசு என்று பட்டியல் போட்டாய். இது தேறினால் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றாய்.

சரிபார்க்க என்னிடம் கொடுத்தது உன் தப்பு. தூசிக்குப் பின்னால் நிற்கும் கிழட்டு விண்மீனும் சிவப்பாகத்தான் தெரியும். அந்தச் சந்தேகத்தில் பட்டியலில் பாதிப் புள்ளிகளை அடித்தேன். தலையாட்டினாய். பதினேழாவதை அடிக்கப் போனபோது பேனாவைப் பிடுங்கினாய்.

“இன்னும் நீள அலையில பாக்காம அடிக்காதல.”

எனக்குப் பசி. “இன்னாடா, ஒரு புள்ளிக்கு இவ்ளோ சீன்” என்றேன். நீ கேள்விக்குறி போட்டு மூடி வைத்தாய். அந்த வாரமே காய்ச்சல். ஊருக்குப் போனவன் திரும்பவில்லை; காய்ச்சலே உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறு, உன் தங்கை கொடுத்த லேப்டாப்பைத் திறந்தேன். அதே இடத்தை இன்னும் நீண்ட அலைநீளத்தில் எடுத்த படத்தை இறக்கி வைத்திருந்தாய், பார்க்கத்தான் நேரமில்லை போல. வெறுமனே தூசிக்குப் பின்னால் நிற்கும் விண்மீன் அந்த அலையில் மங்க வேண்டும். பதினேழு மங்கவில்லை, இன்னும் பிரகாசமானது. அதைச் சுற்றி அதன் சொந்தத் தூசி வட்டு, சூடேறி ஒளிர்கிறது. பச்சைக் குழந்தை! உன்னை நம்பாமல் மூன்று முறை கணக்குப் போட்டேன். நீ சொன்னதுதான் சரி. மறுபடியும் நிறத்தை மட்டும் பார்த்தவன் நான்தான்.

கேள்விக்குறியை அழித்து, பட்டியலை உன் பெயரிலேயே உன் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் ‘ஹீரோ’ என்று போடத்தான் கை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இன்று காலை, அந்த வாசனை வந்த பேனலில், ஒரு இணைப்பு வெள்ளையாய் எரிந்தது. ஒரு எட்டு தள்ளி நின்றேன். சூடு அங்கேயே நின்றது.

அப்புறம்தான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.